வாழை இலையும் மார்ட்டினி கோப்பையும்

நேயர்களுக்கு வணக்கம். சென்னையின் உயர்தர உணவகங்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். எனக்கு இரண்டு பெயர்கள் போதும்: தக்ஷிண், ஆவர்த்தனா. இரண்டுமே ஐ.டி.சி. குழுமத்தின் சமையலறையில் பிறந்தவை. பரிமாறுவதும் ஒரே தென்னிந்திய உணவுதான். ஆனாலும் ஒன்றின் மேசையில் பழகியவர் மற்றொன்றில் சற்று விழிப்பார்.

தக்ஷிண் 1989இல் டி.டி.கே. சாலையில், அன்றைய பார்க் ஷெராட்டன் ஹோட்டலில் தொடங்கியது. அந்நாளில் நட்சத்திர ஹோட்டல்களில் தென்னிந்தியச் சமையல் பெரும்பாலும் காலை இட்லி தோசையோடு முடிந்துவிடும். இரவு விருந்துக்கு வடக்கும் சீனாவும்தான். அந்த வழக்கத்துக்கு நடுவே தமிழ்நாடு, ஆந்திரம், கர்நாடகம், கேரளம் என நான்கு மாநிலத்துச் சமையலையும் வெள்ளித் தட்டில் வாழை இலை விரித்துப் பரிமாறியது தக்ஷிண். அங்கே பல ஆண்டுகள் தலைமைச் சமையல்காரராக இருந்த பிரவீண் ஆனந்த், வீடு வீடாகப் போய்ப் பழைய சமையல் குறிப்புகளைத் தேடியவர். வேட்டி கட்டிய ஒருவர் மேசைக்குப் பக்கத்தில் வண்டியைத் தள்ளிவந்து, சூடாகப் பணியாரம் சுட்டுத் தருவார். அதுவும் ஒருவகை நாடகம்தான், மறுக்கவில்லை. எந்த வீட்டில் வெள்ளித் தட்டும் தள்ளுவண்டியும் இருக்கின்றன?

ஆவர்த்தனா 2017இல் கிண்டியில், ஐ.டி.சி. கிராண்ட் சோழா ஹோட்டலில் வந்தது. அங்கே தனித்தனியாக உணவு கேட்க வேண்டியதில்லை. 7 முதல் 13 வரை சிறு சிறு உணவுகள், சமையல்காரர் வகுத்த வரிசையில் ஒவ்வொன்றாக வரும். பேர் வாங்கிக் கொடுத்தது தக்காளி ரசம். காபி வடிக்கும் கண்ணாடிக் குவளையில் கொத்தமல்லித் தழையைப் போட்டு, சுடச்சுட ரசத்தை ஊற்றி, மேலிருக்கும் வடிகட்டியை மெல்ல அழுத்துகிறார்கள். பிறகு மார்ட்டினி கோப்பையில், அதாவது மது பரிமாறும் நீள்காம்புக் கண்ணாடிக் கோப்பையில் ஊற்றுகிறார்கள். அடியில் பருப்பு மண்டி இல்லை, தக்காளித் தோல் இல்லை, தெளிந்த நீர். வாயில் வைத்தால் ரசமேதான்! கண்ணை மூடிக்கொண்டால் கல்யாணப் பந்தி.

இனிப்பு இன்னும் குறும்பானது. கூட்டில் வைத்த முட்டை போல ஒன்று வருகிறது. அது சோம்பு மணக்கும் பன்னா கோட்டா, பாலேட்டை உறையவைத்துச் செய்யும் இத்தாலிய இனிப்பு. உடைத்தால் மஞ்சள் கருவின் இடத்தில் மாம்பழமும் இஞ்சியும். 2023இல் ஆசியாவின் சிறந்த 50 உணவகங்களின் பட்டியலில் ஆவர்த்தனா 30ஆவது இடம் பிடித்ததில் எனக்கு வியப்பில்லை. இப்போது கொழும்பிலும் கிளை இருக்கிறது.

இனி என் வாதத்துக்கு வருகிறேன். நம் சாப்பாட்டின் கடைசிக் கட்டச் சமையல் இலையில் நடக்கிறது. சோற்றைக் குழைய விடுவதா, உதிரியாக வைப்பதா, எவ்வளவு குழம்பு, நெய்யை எப்போது விடுவது, அப்பளத்தை நொறுக்கிப் போடுவதா, கடித்துக்கொள்வதா என்பதெல்லாம் சாப்பிடுகிறவர் பாடு. ஒரே பந்தியில் பத்துப் பேர் உட்கார்ந்தால் பத்து விதமான சாப்பாடு. தக்ஷிண் எத்தனை ஆடம்பரம் செய்தாலும் இந்த உரிமையில் கைவைக்கவில்லை. ஆவர்த்தனாவில் அந்த வேலையையும் சமையல்காரரே முடித்து அனுப்பிவிடுகிறார். சுவை பிசகுவதில்லை, ஆனால் என் விரல்களுக்கு அங்கே வேலை இல்லை. இன்னும் ஒரு கரண்டி சாம்பார் என்று கை நீட்டிப் பழகியவருக்கு, அளந்து வரும் உணவு கொஞ்சம் வாய்ப்பூட்டுதான்.

சிலர் இதை மரபுக்கும் நவீனத்துக்கும் நடக்கும் சண்டை என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ரசத்தை இத்தனை தெளிவாக வடிக்க, மண்டியோடு ரசம் எப்படி இருக்கும் என்று நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும்.

தக்ஷிண் இருந்த ஹோட்டல், கிரவுன் பிளாசா என்ற பெயரில் இயங்கிவந்த நிலையில், 2023 டிசம்பரில் மூடப்பட்டது. ஆகவே அந்த இடத்துக்குப் போய் ஒப்பிட்டுப் பாருங்கள் என்று உங்களிடம் சொல்ல வழியில்லை. ஆவர்த்தனாவுக்குப் போகிறவர்கள் 13 உணவு வரிசைக்கு ஆசைப்படாமல் 7இல் தொடங்குங்கள். வீட்டுப் பெரியவர்களை அழைத்துப் போவதானால், மார்ட்டினி கோப்பையில் வருவது ரசம்தான் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நன்றி, வணக்கம்.