இரண்டாவது எண்

(இலங்கையின் மட்டக்களப்பு மாவட்டத்துக் களுவாஞ்சிகுடியில் வாசிகசாலைக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, எனக்கு எழுத்தறிவித்த ஆசிரியர்களே, முன் வரிசையில் இருக்கும் மாமிமார்களே, தம்பி தங்கைகளே, வணக்கம்.

அவுஸ்திரேலியாவில் தேர்தல் எப்படி நடக்கிறது என்று பேசச் சொன்னார்கள். நான் அரசியல் படித்தவள் அல்ல. சிட்னியில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் பதினைந்து வருடமாக வேலை செய்கிறேன். இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். நான் இரட்டைப் பிரஜாவுரிமை உள்ளவள். அந்த நாட்டின் அரசியலமைப்பில் 44ஆம் பிரிவு, இந்த நாட்டில் 2022இல் வந்த 21ஆவது திருத்தம், இரண்டும் என் போன்றவர்கள் பாராளுமன்றத்துக்குள் போக முடியாது என்கின்றன. 2017இல் அங்கே துணைப் பிரதமராக இருந்தவரே, தந்தை வழியில் நியூசிலாந்துப் பிரஜை என்று தெரியவந்ததால் ஆசனத்தை இழந்தார். ஆகவே யாரும் பயப்பட வேண்டாம். நான் வாக்குக் கேட்டு வரவில்லை.

முதலில் இந்த ஊர்க் கதை. தொண்ணூறுகளில் ஒரு தேர்தல். எனக்கு அதுதான் முதல் வாக்கு. அடையாள அட்டையைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு, அம்மாவுடன் காலையிலேயே போய் வரிசையில் நின்றேன். பட்டியலில் தேடிய அலுவலர் என் பெயரின்மேல் ஏற்கெனவே கோடு கிழிக்கப்பட்டிருப்பதைக் காட்டினார். "உங்கள் வாக்கு விழுந்துவிட்டது, தங்கச்சி" என்றார். அவர் முகத்திலும் வெட்கம் இருந்தது. யார் போட்டது என்று நான் கேட்கவில்லை. அது கேட்கக்கூடிய காலமல்ல என்பது இங்கே நரைத்த தலையோடு இருப்பவர்களுக்குத் தெரியும். சின்னவிரலில் மை இல்லாமல் வீட்டுக்கு வந்தேன். வழி முழுக்க அம்மாதான் ஏசிக்கொண்டு வந்தார்.

இனி 2013 செப்டெம்பர் 7, சனிக்கிழமை. அங்கே தேர்தல் எப்போதும் சனிக்கிழமையில்தான். பிரஜாவுரிமை கிடைத்தபின் எனக்கு முதல் தேர்தல். பக்கத்துப் பாடசாலைக்குப் போகிறேன். வாசலில் துப்பாக்கி இல்லை, பொலிஸ் இல்லை. பெற்றோர் சங்கத்தினர் அடுப்பு வைத்துச் சொசேஜ் பொரித்து, பாண் துண்டில் வைத்து விற்கிறார்கள். பாடசாலைக்குக் காசு சேர்க்கும் வழி அது. சனிக்கிழமை நான் மச்சம் தொடுவதில்லை. வதக்கிய வெங்காயத்தை மட்டும் பாணில் வைத்துத் தரச் சொன்னேன். வைத்தவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

உள்ளே அடையாள அட்டையைக் கேட்கவில்லை, விரலில் மையும் பூசவில்லை. மூன்று கேள்விகள்தான். முழுப்பெயர் என்ன? எங்கே வசிக்கிறீர்கள்? மூன்றாவது கேள்வி, "இந்தத் தேர்தலில் ஏற்கெனவே வாக்களித்துவிட்டீர்களா?" எல்லோரிடமும் கேட்கும் கேள்விதான் அது. ஆனால் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. இருபது வருடத்துக்கு முன் என்னிடம் யாரும் கேட்காமல் விட்ட கேள்வி அல்லவா அது! "இல்லை" என்று நான் சொன்னதை அந்தப் பெண் நம்பினார். என் பெயரின்மேல் கோடு கிழித்தார், என் கண்முன்னால்.

வாக்களிப்பது அங்கே கட்டாயம் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். 1922இல் நூற்றுக்கு அறுபது பேர்கூட வாக்களிக்க வரவில்லை. 1924இல் சட்டம் வந்தது, 1925இல் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் வந்தார்கள். தகுந்த காரணமில்லாமல் போகாவிட்டால் 20 டொலர் தண்டம். சிறிய தொகைதான். இதைச் சுதந்திரத்துக்கு விரோதம் என்று சொல்பவர்கள் அங்கேயும் உண்டு. அவர்களிடம் நான் 2005ஐ நினைவூட்டுவேன். அந்த ஜனாதிபதித் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தில் நூற்றுக்கு இரண்டு பேர்கூட வாக்களிக்கவில்லை. போகாதே என்று ஒருவன் சொன்னால், "போகாவிட்டால் தண்டம் அடிப்பார்கள் அண்ணை" என்று சொல்ல ஏழைக்கு ஒரு சாட்டு வேண்டாமா? துப்பாக்கிக்கு முன்னால் 20 டொலர் சாட்டு எடுபடுமா என்பது வேறு கதை.

சரி, வாக்குச்சீட்டுக்கு வருகிறேன். அங்கே புள்ளடி (X) கிடையாது, எண்தான். கீழ்ச்சபைக்கு ஏழெட்டுப் பேர் நின்றால் ஏழெட்டுப் பேருக்கும் 1, 2, 3 என்று வரிசை கொடுத்தாக வேண்டும். ஒருவரை விட்டாலும் சீட்டுச் செல்லாமல் போகலாம். யாருக்கும் பாதிக்கு மேல் இல்லையென்றால், கடைசியாக வந்தவரை நீக்கி, அவருடைய சீட்டுகளில் அடுத்த எண் யாருக்கு என்று பார்த்துப் பிரிப்பார்கள். ஒருவர் பாதியைத் தாண்டும்வரை இப்படியே போகும். 1918இலிருந்து இதுதான் முறை. நாம் இங்கே பாராளுமன்றத் தேர்தலில் "விருப்பு வாக்கு" என்கிறோமே, அதோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். நம்முடையது கட்சிக்கு வாக்குப் போட்டபின் அதே கட்சியில் மூன்று பேர்வரை இலக்கத்தில் புள்ளடி போடுவது, அந்த மூன்று இலக்கத்துக்காக ஒரே கட்சிக்காரர் ஒருவரை ஒருவர் கடித்துக்கொள்ளும் விளையாட்டு.

செனட் சபைச் சீட்டு வேறு. அந்த வருடம் நியூ சவுத் வேல்ஸில் 110 வேட்பாளர்கள். சீட்டின் அகலம் ஒரு மீற்றருக்கு மேல். எழுத்து அவ்வளவு பொடி, வாசிக்கப் பூதக்கண்ணாடித் தாள் வைத்திருந்தார்கள். விரித்தபோது சேலை மடிப்பது போல் இருந்தது. சீட்டின் குறுக்கே ஒரு கோடு, மேலே கட்சிகள், கீழே வேட்பாளர்கள். கோட்டுக்கு மேல் ஒரு கட்சிக்கு 1 என்று மட்டும் போட்டால் போதும் என்றார்கள், போட்டேன். மற்ற எண்களை அந்தக் கட்சியே தீர்மானித்துக்கொள்ளும் என்பது பிறகுதான் தெரிந்தது. மறுபடியும் என் வாக்கை வேறு யாரோ போட்டுவிட்டார்கள்! இந்த முறை சட்டப்படி. 2016இல் அந்த விதியை மாற்றிவிட்டார்கள். 2013இன் அதே சீட்டில், சீட்டிழுப்பில் முதல் நிரலைப் பெற்ற ஒரு சிறு கட்சி ஓர் ஆசனத்தையே பிடித்தது. அதன் பெயரிலும் பெரிய கட்சியின் பெயரிலும் "லிபரல்" என்ற சொல் இருந்ததால் பலர் மாறிப் போட்டதாகப் பேச்சு. படித்த நாடு என்றுதான் சொல்கிறோம்.

எண் போடுவதில் உள்ள கஷ்டத்தை எனக்குப் புரியவைத்தவர் எங்கள் இல்லத்தில் இருந்த தொண்ணூறு வயது மூதாட்டி ஒருவர். தேர்தல் காலத்தில் அலுவலர்கள் வாக்குப்பெட்டியோடு இல்லத்துக்கே வருவார்கள். அவர் சொன்னார்: "நான் முதலில் கடைசி எண்ணைத்தான் போடுவேன் மகளே. யார் வரவே கூடாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அங்கிருந்து மேலே ஏறிவருவேன்."

கேட்டபோது சிரித்தேன். செய்து பார்த்தபோது சிரிப்பு வரவில்லை. 2013இல் படகு அகதிகள் விஷயத்தில் இரண்டு பெரிய கட்சிகளும் கல்நெஞ்சம்தான். அப்போதைய பிரதமர், படகில் வருபவர் எவரும் அவுஸ்திரேலியாவில் குடியேற முடியாது என்று ஜூலையில் அறிவித்தார். எதிரில் நின்றவர், படகுகளைத் தடுப்பேன் என்பதையே மந்திரம் போல் ஓதினார். நான் யாருக்கு 1 போட்டேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் இந்த இரண்டில் ஒன்று மற்றதற்கு முன்னால் வந்தாக வேண்டும். புள்ளடி போடுகிறவருக்கு இந்தச் சங்கடம் இல்லை, பிடித்தவருக்குப் போட்டுவிட்டுக் கைகழுவிவிடலாம். எண் போடுகிறவர், பிடிக்காதவர்களுக்கிடையிலும் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

அடுத்த வருடம் 2014 ஜூலையில் ஒரு செய்தி வந்தது. நடுக்கடலில் பிடித்த 41 பேரை அவுஸ்திரேலியா இலங்கைக் கடற்படையிடம் ஒப்படைத்தது. எங்கே? மட்டக்களப்புத் துறைக்கு வெளியே, இதோ இந்தக் கடலில். கடல் அமைதியாக இருந்தது என்று அமைச்சர் அறிக்கையில் குறிப்பிட்டிருந்தார். பெரும்பாலானவர்கள் சிங்களவர்கள், நான்கு பேர் தமிழர்கள். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் பிறந்த கடலில், நான் வாக்குப் போட்ட நாடு ஆட்களைக் கைமாற்றுகிறது. அந்த அரசு என் முதல் எண்ணால் வந்ததோ, நாலாவது எண்ணால் வந்ததோ, என் கை படாத சீட்டு அல்ல அது.

இதற்கு நேர்மாறான ஒன்றும் நடந்தது. குயின்ஸ்லாந்தில் பிலோயிலா என்று ஒரு சிற்றூர், இறைச்சித் தொழிற்சாலை ஊர். அங்கே இருந்த ஒரு தமிழ்க் குடும்பத்தை 2018 மார்ச்சில் விடியற்காலையில் பிடித்துக்கொண்டு போனார்கள். தாய், தகப்பன், அவுஸ்திரேலியாவிலேயே பிறந்த இரண்டு பெண் குழந்தைகள். நான்கு வருடம் தடுப்பு, வழக்கு, கிறிஸ்மஸ் தீவு என்று அலைக்கழித்தார்கள். விடாமல் போராடியவர்கள் அந்த ஊர் வெள்ளைக்காரர்கள். நம் அரசியல் அவர்களுக்குத் தெரியாது. எங்கள் ஊர்ப் பிள்ளைகளைத் திருப்பித் தா என்பது மட்டும் தெரியும். 2022 தேர்தலில் எதிர்க்கட்சி வாக்குறுதி கொடுத்தது, மே 21இல் ஆட்சி மாறியது, ஒரு வாரத்துக்குள் ஊருக்குத் திரும்ப அனுமதி வந்தது. அவர்களை அனுப்பியே தீருவது என்று நின்ற முன்னாள் உள்துறை அமைச்சர், 2025 மே 3ஆம் திகதி எதிர்க்கட்சித் தலைவராக நின்று சொந்தத் தொகுதியையே இழந்தார். அந்தக் குடும்பத்துக்காக மக்கள் அவரைத் தோற்கடித்தார்கள் என்று சொல்வது பொய். ஆனாலும் நான் அன்று பாயசம் காய்ச்சினேன்.

அந்த நாட்டைத் தூக்கிவைத்துப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அந்த மண்ணின் ஆதிக்குடிகள் எல்லோருக்கும் நாடளாவிய தேர்தலில் வாக்குரிமை வந்தது 1962இல். நமக்கோ 1931இலேயே ஆண், பெண் எல்லோருக்கும் வந்துவிட்டது. இதை நான் அங்கே சொன்னால் நம்ப மறுப்பார்கள். அவ்வளவு முந்திப் பெற்றுவிட்டு, 2023 மார்ச்சில் நடக்க வேண்டிய உள்ளூராட்சித் தேர்தலுக்கு 2025 மே 6 வரை காத்திருந்தோம். நடத்தாமல் விட்டது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றமே சொல்ல வேண்டியிருந்தது. கிழக்கு மாகாண சபைக்குக் கடைசியாக வாக்களித்தது 2012இல். தேர்தல் நடக்குமா என்ற சந்தேகம் மட்டும் அங்கே யாருக்கும் வந்து நான் பார்த்ததில்லை.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். எண் போடும் சீட்டு நம்மிடமும் இருக்கிறது. ஜனாதிபதித் தேர்தலில் 1, 2, 3 என்று மூன்று பேருக்கு வரிசை கொடுக்கலாம். ஆனால் நாம் புள்ளடியோடு வந்துவிடுகிறோம். 2024 செப்டெம்பர் 21இல் முதன்முறையாக யாருக்கும் பாதி கிடைக்காமல் இரண்டாம் எண்ணிக்கை நடந்தது. 38 பேர் நின்றார்கள். முதல் இருவரைத் தவிர மற்றவர்களுக்கு விழுந்த வாக்குகள் 33 இலட்சத்துக்கு மேல். அவற்றிலிருந்து அந்த இருவருக்கும் போய்ச் சேர்ந்த விருப்புகள் ஏறக்குறைய 2 இலட்சத்து 73 ஆயிரம். மீதி முப்பது இலட்சம் சீட்டுகளில் அடுத்த எண் இல்லை, அல்லது இருவரில் எவருக்கும் இல்லை. கடைசிச் சுற்றில் இருவரில் யார் என்ற கேள்விக்கு அத்தனை பேர் வாய் திறக்கவில்லை. தெரிந்தே திறக்காதவர்களை மதிக்கிறேன். தெரியாமல் விட்டவர்கள் எத்தனை பேர்? தமிழ் வேட்பாளருக்கு 1 போட்டவர் கூட, கொள்கையை விடாமல் 2 போட்டிருக்கலாம். இதை வீடு வீடாகச் சொல்ல நம் கட்சிகள் மெனக்கெட்டதாக எனக்குத் தெரியவில்லை. அவர்களுக்கு 1 கிடைத்தால் போதும், மற்ற எண் யாருக்குப் போனால் என்ன?

அந்தத் தேர்தலன்று பின்னேரம் அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். "இரண்டாவது எண் யாருக்குப் போட்டீர்கள்?" என்று கேட்டேன்.

"இரண்டாவதா? முதலாவதுக்கே ஆளில்லாமல் கனநேரம் நின்று யோசித்தேன்" என்றார்.

அந்த மூதாட்டியின் முறையைச் சொல்லிக்கொடுத்தேன். கடைசி ஆளிலிருந்து தொடங்கி மேலே ஏறி வாருங்கள் அம்மா, சுலபம் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"முப்பத்தெட்டுப் பேரில் கடைசி ஆள் யாரென்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு நாள் போதுமா, பிள்ளை?" என்றார்.