பூஜ்யம் எங்கே?

வணக்கம், நேயர்களே.

என்னை வானொலியில் பேச அழைத்த தம்பி தொலைபேசியில் "தலைப்பு என்ன சார்?" என்று கேட்டார். "தாவ்பாவ்" என்றேன். "சாப்பாட்டைப் பற்றியா?" என்றார். கடையில் கட்டிக்கொண்டு போகிற தாபாவ் வேறு, தம்பி. இது 2003இல் தொடங்கிய சீன இணையக் கடைத்தெரு. சீன மொழியில் அந்தப் பெயருக்குப் புதையல் தேடுவது என்று அர்த்தம். சில நாள் புதையல், சில நாள் கிணறு வெட்டப் போய்ப் பூதம். உங்களில் பாதிப் பேருக்கு இரண்டும் பழக்கமாகியிருக்கும்.

நான் சிங்கப்பூரில், ஜூரோங்கில் ஒரு தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் கியூசி வேலை பார்த்தவன். தரம் பார்க்கிற வேலை. ஓய்வு பெற்று வேலை போய்விட்டது, கண் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. சாயங்காலம் எங்கள் அடுக்குமாடிப் புளோக்குக் கீழே உட்கார்ந்தால் யாராவது கைத்தொலைபேசியை நீட்டிவிடுகிறார்கள். "அண்ணே, கிடங்கிலிருந்து படம் வந்திருக்கு. ஓகே கொடுத்துடலாமா?"

இந்தப் படம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. நீங்கள் கேட்ட பொருளை ஒரு ஏஜெண்ட் சீனாவுக்குள்ளேயே வாங்குகிறார். அது முதலில் அவருடைய கிடங்குக்குப் போகிறது. இப்படிப்பட்ட கிடங்குகள் பெரும்பாலும் தெற்கே குவாங்டோங் மாநிலத்தில் இருக்கின்றன. அங்கே பெட்டியைப் பிரித்து, நாலைந்து படம் எடுத்து, எடை போட்டு உங்களுக்கு அனுப்புவார்கள். நீங்கள் சரி என்றால்தான் அது மற்ற சாமான்களோடு ஒரே பெட்டியில் கட்டப்பட்டுக் கப்பலோ விமானமோ ஏறும். வேண்டாம் என்றால் கடைக்கே திரும்பிவிடும், உள்ளூர் கூரியர் செலவோடு போச்சு. சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த பிறகு வேண்டாம் என்றால், பதினைந்து வெள்ளி விலையுள்ள பொருளைத் திருப்பி அனுப்ப முப்பது வெள்ளி கேட்பார்கள். அதனால் அந்த நாலைந்து படத்தைப் பார்க்கிற இரண்டு நிமிடம்தான் உங்கள் கையில் இருக்கிற நேரம்.

ஆனால் நாம் அதை எப்படிப் பார்க்கிறோம்? பேரப்பிள்ளை படத்தைப் பார்க்கிற மாதிரி பார்க்கிறோம். "ஆ, வந்துடுச்சு, அழகா இருக்கு." அவ்வளவுதான், ஓகே பொத்தான்.

எங்கள் புளோக்கில் ஓர் அக்கா. வரவேற்பறைச் சன்னலுக்குத் திரைச்சீலை கேட்டிருந்தார், 240 சென்டிமீட்டர் நீளம், தரை தொட வேண்டும். படம் வந்தது. துணி மேசைமேல் விரித்துக் கிடக்கிறது, அதன்மேல் இரும்பு டேப், கீழ் விளிம்பில் 240 என்ற எண் பளிச்சென்று தெரிகிறது. அக்காவுக்குச் சந்தோஷம். நான் படத்தைப் பெரிதாக்கி மேலே தள்ளினேன். டேப் படத்தின் ஓரத்தைத் தாண்டி வெளியே போய்விட்டது. துணியின் மேல்விளிம்பு படத்திலேயே இல்லை.

"240 இருக்கு அக்கா. பூஜ்யம் எங்கே?"

"பூஜ்யம் மேலேதான் இருக்கும். வேற எங்கே போயிடும்?"

பூஜ்யம் எங்கே போகும் என்பது எனக்குத் தெரியும். இங்கே கொஞ்சம் பழைய கதைக்குப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் வேலைக்குச் சேர்ந்தபோது என் மேலதிகாரி ஒரு வயதான சீன அம்மா. இரும்பு டேப்பின் நுனியில் ஒரு சின்னக் கொக்கி இருக்கும், பார்த்திருப்பீர்கள். கீழே விழுந்து விழுந்து அது வளைந்துவிடும், அளவு ஒரு மில்லி இரண்டு மில்லி தப்பும். அதனால் அந்த அம்மா கொக்கியை நம்ப மாட்டார். 10 என்ற கோட்டைப் பொருளின் விளிம்பில் வைத்து அளந்து, வருகிற எண்ணில் பத்தைக் கழிப்பார். நல்ல பழக்கம். நானும் கற்றுக்கொண்டேன். இரண்டாவது வாரம் ஒரு வெள்ளிக்கிழமை, நாற்பது துண்டு அளந்தேன், நாற்பதிலும் கழிக்க மறந்தேன். அந்த அம்மா திட்டவில்லை. தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், டேப்பை என் கையில் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். அன்று எனக்குச் சாப்பாடு நாலு மணிக்கு. அன்றிலிருந்து எந்த அளவைப் பார்த்தாலும் முதலில் பூஜ்யத்தைத் தேடுவேன்.

சரி, அக்காவின் திரைச்சீலை. "மேல் விளிம்பும் டேப்பின் ஆரம்பமும் ஒரே படத்தில் தெரிய வேண்டும்" என்று கேட்கச் சொன்னேன். மறுநாள் வந்தது. மேல்விளிம்பு எங்கே இருந்தது என்று நினைக்கிறீர்கள்? 10இல். ஆக துணி 230தான். அந்தக் கிடங்குத் தம்பிக்கும் யாரோ ஓர் அம்மா கற்றுக்கொடுத்திருக்கிறார், அவரும் கழிக்க மறந்திருக்கிறார்! அளவு சொல்லித் தைத்த பொருளைப் பிடிக்கவில்லை என்று சொல்லித் திருப்ப முடியாது. ஆனால் சொன்ன அளவு வேறு, வந்த அளவு வேறு என்பதற்கு அந்த இரண்டாவது படமே சாட்சி. கடைக்காரர் வேறு தைத்துக் கொடுத்தார்.

இவ்வளவு பேசுகிற நானே ஒருமுறை ஏமாந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒரு கால்சட்டை, இடுப்பு 32 அங்குலம். படத்தில் தையற்காரர் வைத்திருக்கிற துணி டேப், பூஜ்யம் சரியான இடத்தில், இடுப்பைச் சுற்றி வந்து நின்ற எண் 24. இருபத்துநான்கு அங்குலமா? அது பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குத்தானே! உடனே வேண்டாம் என்று அழுத்தினேன். திருப்பி அனுப்பும் கூரியர் செலவு என் தலையில். பிறகு இங்கே எங்கள் மாடியில் இருக்கிற சீனத் தையற்காரரிடம் படத்தைக் காட்டினேன். சிரிக்கிறார், சிரிக்கிறார், நிறுத்தவே இல்லை. சீனத் தையல் டேப்பில் ஒரு பக்கம் சென்டிமீட்டர், மறுபக்கம் அவர்களுடைய பழைய அளவான சுன் இருக்கும். மூன்று சுன் பத்து சென்டிமீட்டர். 24 சுன் என்றால் 80 சென்டிமீட்டர், நம் கணக்கில் முப்பத்தொன்றரை அங்குலம். எனக்கென்றே தைத்த மாதிரி இருந்த கால்சட்டை, கையெட்டும் தூரத்துக்கு வந்து திரும்பிப் போய்விட்டது. ஆகவே பூஜ்யத்தைப் பார்த்த பிறகு அலகையும் பாருங்கள். பூஜ்யம் முதலில், அலகு அடுத்தது.

நிறத்துக்கு வருகிறேன். "கடைப் படத்தில் மெரூன், கிடங்குப் படத்தில் ஊதா, வேற பொருளை அனுப்பிட்டானா?" என்று கேட்பார்கள். பெரும்பாலும் கிடங்கின் குழல்விளக்கு செய்கிற வேலை அது. படத்தில் பொருளுக்குப் பக்கத்தில் ஆர்டர் எண் அச்சடித்த வெள்ளைச் சீட்டு ஒன்று கிடக்கும். அந்தச் சீட்டு வெள்ளையாகத் தெரிகிறதா என்று பாருங்கள். சீட்டே நீலம் பாய்ந்திருந்தால் உங்கள் துணியும் அதே அளவு நீலம் பாய்ந்திருக்கிறது. சீட்டு வெள்ளையாக இருந்தும் துணி ஊதாவாக இருந்தால், அப்போது சண்டை போடலாம்.

அப்புறம் எடை. படத்தோடு வரும், யாரும் பார்ப்பதில்லை. என் மைத்துனர் இரும்புத் தோசைக்கல் ஒன்று வாங்கினார். வார்ப்பிரும்பு, முப்பது சென்டிமீட்டர் அகலம், நாலு மில்லிமீட்டர் தடிப்பு. படத்தில் கன்னங்கரேலென்று அம்சமாக இருந்தது. கிடங்கு எடை, பெட்டியோடு சேர்த்து 900 கிராம். அந்த அளவு இரும்பு என்றால் வெறும் கல்லே இரண்டு கிலோ வர வேண்டும். வீட்டில் தோசைக்கல்லை ஒற்றைக் கையால் தூக்கிக் கழுவுகிற யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள். 900 கிராமில் அது அலுமினியம், மேலே கறுப்புப் பூச்சு. "படத்துல இரும்பு மாதிரிதானே மாமா இருக்கு?" என்றார். படத்தில் நானும்தான் இளமையாக இருக்கிறேன்!

இன்னொரு வகை ஆட்களும் உண்டு. பன்னிரண்டு வெள்ளிச் சட்டையின் படத்தை விரலால் விரித்து விரித்து, பொத்தான் துளையில் ஒரு நூல் நீட்டிக்கொண்டிருப்பதைக் கண்டுபிடித்து வேண்டாம் என்பார்கள். தொழிற்சாலையில் நாங்கள் குறைகளை மூன்றாகப் பிரிப்போம். ஆளுக்கு ஆபத்தானது, பொருளை உபயோகிக்க விடாதது, பார்வைக்கு மட்டும் உறுத்துவது. முதல் வகையில் ஒன்றுகூடக் கூடாது. மூன்றாவதற்கு ஒரு கணக்கு உண்டு, அதற்குள் இருந்தால் சரக்கு போகும். பார்ப்பதும் கை நீளத் தூரத்திலிருந்துதான், பூதக்கண்ணாடி வைத்து அல்ல. நூலைக் கத்தரித்துக்கொள்ளலாம். சட்டையின் கை ஒன்று நீளம், ஒன்று கட்டை என்றால் திருப்புங்கள். அதற்கு இரண்டு கையையும் சேர்த்து மடித்துப் படம் கேட்க வேண்டும். "நல்லா இருக்கா பாருங்க" என்று எழுதினால் "நல்லா இருக்கு" என்றுதான் பதில் வரும். அந்தத் தம்பி ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் பெட்டி பிரிக்கிறவர், உங்கள் மனத்தில் இருப்பது அவருக்கு எப்படித் தெரியும்? எந்த இடம், எந்தப் பக்கம், எது எதோடு சேர்ந்து தெரிய வேண்டும் என்று எழுதுங்கள். பூஜ்யம் தெரிய வேண்டும் என்றும் எழுதுங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள். இரண்டு நிமிடமாம். திரைச்சீலையிலேயே நேரம் போய்விட்டது.

விறுவிறுவென்று சொல்கிறேன். சீனாவில் இணையத்தில் வாங்கிய பொருளைக் காரணம் சொல்லாமல் ஏழு நாளுக்குள் திருப்பலாம், 2014 மார்ச் 15இலிருந்து சட்டம். ஆனால் ஏழு நாள் எண்ணத் தொடங்குவது கிடங்கு கையெழுத்துப் போட்டு வாங்கிய பிறகு, நீங்கள் படத்தைத் திறந்த நாளிலிருந்து அல்ல. சனிக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். மொத்த வியாபாரத் தளங்களில் எல்லாக் கடையும் இதற்கு ஒத்துக்கொள்வதில்லை, வாங்கும்போதே பாருங்கள்.

மின்சாரப் பொருள் பற்றித் தனியாகவே பேச நினைத்திருந்தேன். ஒன்று மட்டும்: பிளக்கின் படம் கேளுங்கள். நமக்கு மூன்று செவ்வக முள், அங்கே தட்டை முள். பிளக், எத்தனை வோல்ட் என்று போட்டு ஒட்டியிருக்கும் சீட்டு, இரண்டையும் கிட்டத்திலிருந்து எடுக்கச் சொல்லுங்கள்.

பெட்டி கட்டுவது இன்னொன்று. விமானத்தில் வருகிற பெட்டிக்குப் பெரும்பாலும் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000த்தால் வகுத்து ஒரு எடை போடுவார்கள், உண்மை எடையைவிட அது அதிகமாக இருந்தால் அதற்குத்தான் காசு. ஷூ பெட்டியை எடுத்துவிடச் சொன்னால் எவ்வளவு மிச்சம் என்று ஒரு கணக்கு எழுதிக் கொண்டுவந்தேன், அது பையிலேயே இருக்கட்டும்.

விரல் ஒன்றாகிவிட்டது. நன்றி, வணக்கம்.