புழுதி விதைப்பும் மார்ச் 31-ம்

நேயர்களுக்கு வணக்கம்.

வேளாண் ஆராய்ச்சியில் என்னென்ன வேலை இருக்கிறது, நம்ம கடற்கரைப் பக்கத்துப் பிள்ளைகள் அதற்கு எப்படிப் போகலாம் என்று பேசச் சொன்னார்கள். பேசுகிறேன். ஆனால் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு கண்ணாடிக் குழாயைப் பார்க்கிற வேலையை மட்டும் சொல்லிவிட்டுப் போகமாட்டேன். அந்த ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டு எழுதுவது, வந்த பணத்தைக் காலத்தில் செலவழிப்பது, செலவழித்ததற்குக் கணக்குக் காட்டுவது என்று இன்னொரு வேலை இருக்கிறது. அதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன். நான் மண்ணியல் படித்தவன், உவர் நிலத்தில்தான் என் உத்தியோகம் போனது. ஆனாலும் என்னோடு வேலை பார்த்தவர்கள், "சார் உரத்தைப் பத்திப் பேசுவார்னு பார்த்தா வவுச்சரைப் பத்திப் பேசுறாரே" என்று கேலி செய்வார்கள். செய்யட்டும்.

நம்ம ராமநாதபுரம் மாவட்டத்து விவசாயம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வானம் பார்த்த பூமி. ஐப்பசியும் கார்த்திகையும் கொடுப்பதுதான் வருஷம் முழுக்க. அந்த மழையை நம்பி ஆவணிக் கடைசியிலோ புரட்டாசியிலோ காய்ந்த புழுதியில் நெல்லை விதைத்துவிட்டுக் காத்திருக்கிறோம். திருவாடானை, ஆர்.எஸ்.மங்கலம், முதுகுளத்தூர் எங்கே போனாலும் இதுதான் வழக்கம். மிளகாயும் அப்படித்தான். புரட்டாசியில் விதைத்தால் தை, மாசியில் பழம் பறிக்க ஆரம்பித்து, சித்திரை தாண்டியும் பறிப்பு ஓடும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அரசாங்கத்தின் வருஷத்தைப் பாருங்கள். ஏப்ரல் 1-ல் ஆரம்பித்து மார்ச் 31-ல் முடிகிறது. ஒரு ஆராய்ச்சித் திட்டத்துக்கு ஆனி மாதம் அனுமதிக் கடிதம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சந்தோஷம். ஆனால் கடிதம் வேறு, பணம் வேறு. பணம் வந்து சேர ஐப்பசி ஆகிவிட்டால் விதைப்பு முடிந்துவிட்டது. மார்கழியில் விதைக்க முடியுமா? முடியாது. சரி, அடுத்த புரட்டாசிக்குச் செலவழிக்கலாம் என்றால் நடுவில் மார்ச் 31 வந்து நிற்கிறது. செலவழிக்காத மீதியை அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்ல அனுமதி வாங்க வேண்டும். அந்த அனுமதி எப்போது வரும்? அது வருகிறபோது வரும். மிளகாய்க்கு இன்னும் மோசம். பறிப்பு பாதியில் இருக்கும்போது நிதியாண்டு முடிகிறது. மார்ச் மாதம் பழம் பறித்த அம்மாவுக்கு ஒரு கணக்கு, ஏப்ரலில் அதே செடியில் பறித்தால் வேறு கணக்கு.

மறுபடியும் சொல்கிறேன், இடையில் வானொலியைப் போட்டவர்களுக்காக. பயிருக்கு ஒரு காலண்டர், பணத்துக்கு ஒரு காலண்டர். இரண்டையும் தெரிந்த ஆள்தான் ஆராய்ச்சி நிலையங்களில் கிடைப்பதில்லை.

ஒரு சம்பவம் சொல்கிறேன். திருப்புல்லாணிப் பக்கம் ஒரு விவசாயி வயலில் திடல், அதாவது சோதனைப் பாத்தி, போட்டிருந்தோம். உவர் நிலம் என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் இரண்டு வகை உண்டு. வெறும் உப்பு என்றால் நல்ல தண்ணீரைத் தேக்கி வடித்தால் கழுவிக்கொண்டு போய்விடும். களர் என்றால் அப்படிப் போகாது. மண்ணோடு சோடியம் ஒட்டிக்கொண்டிருக்கும். கார அமில நிலை 8.5-க்கு மேல் இருக்கும். மழை பெய்தால் சேறு, காய்ந்தால் பாறை. அதற்கு ஜிப்சம் போட வேண்டும். ஜிப்சத்தில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து சோடியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்காரும். தள்ளப்பட்ட சோடியத்தை வெளியே கொண்டுபோக மழைத் தண்ணீர் வேண்டும். அதனால் மழைக்கு முன்னாலேயே ஜிப்சம் வயலில் இருக்க வேண்டும்.

முதல் வருஷம் பணம் ஐப்பசியில் வந்தது. பிறகு விலைப்புள்ளி வாங்கி, ஒப்பிட்டுப் பார்த்து, கொள்முதல் ஆணை போட்டு, லாரி வந்தபோது கார்த்திகை. வரப்பு வரை சகதி. லாரி உள்ளே போகவில்லை. மூட்டைகளை அந்த விவசாயி வீட்டுத் திண்ணையில் இறக்கினோம். சாரல் பட்டு மூட்டை மூட்டையாக இறுகிப்போனது. அந்தப் பெரியவர் என்னை வேறொன்றும் கேட்கவில்லை. "ஏன் சார், மழை உங்க ஆபீஸ் ஆர்டரைப் பார்த்தா பெய்யுது?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

எங்கள் கணக்குப் பிரிவில் ஒரு கண்காணிப்பாளர் அம்மா இருந்தார். திருவாடானைப் பக்கம், விவசாயக் குடும்பம். பி.காம். படித்தவர். அந்தக் கொள்முதல் கோப்பு அவர் மேஜைக்கு வந்தபோது என்னைக் கூப்பிட்டு, "சார், இது மழைக்கு முன்னாடி போடுறதா, பின்னாடி போடுறதா?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்து ஒரு கணக்கர் ஒரு விஞ்ஞானியிடம் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் விளக்கிச் சொன்னேன். அவர் ஒரு துண்டுக் காகிதத்தில் 'புரட்டாசி 1-க்குள்' என்று எழுதிக் கோப்பின் மேல் குத்தினார்.

அடுத்த மார்ச் மாதமே, நான் கேட்காமல், மீதித் தொகைக்கு விவரம் போட்டு, அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்ல அனுமதி கேட்டு எழுதினார். கடிதத்தில் அவர் எழுதிய காரணம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. வழக்கமாக 'நிர்வாகக் காரணங்களால்' என்று எழுதுவார்கள். இவர், வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் இப்பொருள் வயலில் இடப்படாவிட்டால் ஆய்வின் ஒரு பருவம் வீணாகும் என்று எழுதினார். அனுமதி வந்தது. வைகாசியில் ஜிப்சம் வாங்கி, கொட்டகையில் அடுக்கி, ஆவணியில் வயலில் போட்டாயிற்று. மழை பெய்தது, தண்ணீர் நின்றது, வடித்தோம், பயிர் பிடித்தது. ஆய்வறிக்கையில் என் பெயர் இருக்கிறது, இன்னும் இரண்டு பேர் பெயர் இருக்கிறது. அந்த அம்மா பெயர் இல்லை. அது சரியில்லை என்பது என் கருத்து. எங்கே பேசக் கூப்பிட்டாலும் இதைச் சொல்லாமல் விடுவதில்லை.

சரி, வேலைக்கு வருவோம். நிதி நிர்வாகம் என்றால் என்ன செய்வார்கள்? பணம் கொடுக்கிற இடங்கள் பல. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் இருக்கிறது, 1929-ல் தொடங்கியது. மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை, உயிரித் தொழில்நுட்பத் துறை, வேளாண் வளர்ச்சி வங்கியான நபார்டு, மாநிலத்தில் அறிவியல் தொழில்நுட்ப மன்றம் என்று நீளும். ஒவ்வொன்றுக்கும் ஒரு படிவம், ஒரு கெடு. விஞ்ஞானி யோசனையை எழுதுவார். அதற்குப் பட்ஜெட் போட வேண்டும். ஆள் சம்பளம் இவ்வளவு, கருவி இவ்வளவு, ரசாயனம், பயணம், சில்லறைச் செலவு இவ்வளவு என்று தலைப்பு பிரித்து எழுத வேண்டும். பயணத்துக்கு வந்த பணத்தில் உரம் வாங்க முடியாது. வாங்க வேண்டுமென்றால் தலைப்பு மாற்ற அனுமதி வேண்டும். வங்கியில் கிடந்த பணத்துக்கு வட்டி வந்தால் அதுவும் கணக்கில் வர வேண்டும். வருஷ முடிவில் பயன்பாட்டுச் சான்று கொடுக்க வேண்டும். மத்திய அரசுப் பணம் என்றால் அதற்கு ஜி.எஃப்.ஆர்., அதாவது பொது நிதி விதிகளின்படி, 12-ஏ என்று தனிப் படிவமே உண்டு. அந்தச் சான்றை ஆபீஸில் எல்லோரும் 'யூ.சி.' என்பார்கள்.

இந்த யூ.சி. போகாவிட்டால் அடுத்த தவணை வராது. தவணை வராவிட்டால் திட்டத்தில் வேலை பார்க்கிற ஆராய்ச்சி மாணவருக்குச் சம்பளம் வராது. இளநிலை ஆராய்ச்சியாளர் உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், அதற்கு மேல் வீட்டு வாடகைப் படி. நல்ல தொகைதான். ஆனால் எத்தனையோ இடங்களில் அந்தப் பிள்ளைகள் மாதக்கணக்கில் காத்திருந்து மொத்தமாக வாங்குகிறார்கள். வாடகை வீட்டுக்காரர் மொத்தமாக வாங்கச் சம்மதிப்பாரா? ஆராய்ச்சியை விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போன நல்ல பிள்ளைகளை எனக்குத் தெரியும். அவர்களுக்கு மண் அறிவியல் பிடிக்காமல் போகவில்லை. ஒரு காகிதம் யாரோ ஒருவர் மேஜையில் கிடந்தது, அவ்வளவுதான்.

இன்னொன்று. ஒரு நெல் ரகம் உருவாக எவ்வளவு காலம்? ஒட்டுச் சேர்த்து, தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து, நிலையத்தில் சோதித்து, பல ஊர்களில் சோதித்து, விவசாயி வயலில் சோதித்து வெளியிட பத்து வருஷம் பக்கம் ஆகும். பரமக்குடி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்து 2009-ல் அண்ணா 4 வந்தது. 100, 105 நாளில் அறுவடைக்கு வந்துவிடும், வறட்சி தாங்கும், நம்ம மானாவாரிக்காகவே வந்த ரகம். உங்களில் பலர் போட்டிருப்பீர்கள். ஆனால் ஒரு நிதித் திட்டம் பெரும்பாலும் மூன்று வருஷம். பத்து வருஷ வேலையை மூன்று மூன்று வருஷமாகத் துண்டு போட்டு, ஒன்று முடியுமுன் அடுத்ததற்கு எழுதி, கைவிடாமல் ஓட்ட வேண்டும். அதை ஓட்டத் தெரிந்தவருக்கு மதிப்பு உண்டு.

இப்போது பிள்ளைகளுக்கு. பிளஸ் டூ-வில் அறிவியல் படித்தவர்கள் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் நான்கு வருஷ இளநிலை வேளாண்மை படிக்கலாம். மதிப்பெண் போதாவிட்டால் டிப்ளமா இருக்கிறது, அதை மட்டமாக நினைக்காதீர்கள். திடலில் டிப்ளமா படித்தவர் கண்ணுக்குத் தப்புவது கொஞ்சம். மேலே முதுநிலை, ஆய்வுப் பட்டம். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தில் விஞ்ஞானி ஆக விரும்புகிறவர்களை வேளாண் விஞ்ஞானிகள் தேர்வு வாரியம் எடுக்கிறது. அது 1973-ல் அமைந்தது. வேளாண் கல்லூரி ஆசிரியர் ஆவதற்கான நெட் தேர்வையும் அவர்களே நடத்துகிறார்கள்.

இதெல்லாம் தெரிந்ததுதானே என்பீர்கள். தெரியாததைச் சொல்கிறேன், வரலாறோ தமிழோ வணிகவியலோ படித்த பிள்ளைகள் கவனியுங்கள். இதே வாரியம் நிர்வாக அலுவலர், நிதி மற்றும் கணக்கு அலுவலர் என்ற பதவிகளுக்கும் அகில இந்தியத் தேர்வு நடத்துகிறது. வேளாண்மைப் பட்டம்தான் வேண்டும் என்பதில்லை. சேதுபதி அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ. முடித்த பெண் எழுதலாம். வயது, மதிப்பெண் வரம்பை அறிவிப்பு வரும்போது படித்துப் பாருங்கள். பத்தாம் வகுப்புத் தகுதிக்கு டெக்னீசியன் பணியும் வருவதுண்டு. நம்ம பிள்ளைகள் டி.என்.பி.எஸ்.சி.-யோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதை எழுதுங்கள், இதையும் எழுதுங்கள்.

திட்ட உதவியாளர் வேலைகள் ஒப்பந்த வேலைகள். திட்டம் முடிந்தால் வேலை முடிந்தது. அதை மறைத்துச் சொல்லக் கூடாது. கல்யாணத்துக்குப் பெண் கேட்கப் போகிற இடத்தில் 'தற்காலிகம்' என்றால் முகம் சுளிப்பார்கள், அதுவும் தெரியும். ஆனால் அந்த இரண்டு மூன்று வருஷத்தில் கோப்பு, கொள்முதல், தணிக்கை எல்லாவற்றையும் கண்ணால் பார்க்கலாம். நேர்முகத் தேர்வில் உங்களைக் கேட்டால், உங்கள் ஊரில் எப்போது விதைப்பார்கள், எப்போது அறுப்பார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 'புரட்டாசி 1-க்குள்' என்று எழுதத் தெரிந்த கணக்கர் வேண்டும். இதைத்தான் இவ்வளவு நேரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அந்தப் பக்கம் கண்ணாடிக்குள் இருந்து விரலைக் காட்டுகிறார்கள். இரண்டு நிமிஷமாம். கடலைப் பற்றிக் குறிப்பு எழுதி வைத்திருந்தேன், கடற்கரையில் உட்கார்ந்துகொண்டு கடலை விட்டுவிட்டேன். வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1947-ல் தொடங்கியது. 1949 முதல் 1971 வரை அதன் தலைமையகமே நம்ம மண்டபத்தில்தான் இருந்தது. பிறகுதான் கொச்சிக்குப் போனது. மண்டபத்தில் இன்றும் அதன் மண்டல மையம் இருக்கிறது. கோபியா என்கிற கடல்விரால் மீனை 2010-ல் அங்கேதான் குஞ்சு பொரிக்க வைத்தார்கள். கடல்பாசிக்கு அங்கேயே இன்னொரு ஆராய்ச்சி நிலையமும் உண்டு. மீன்வளம் படிக்க நாகப்பட்டினத்தில் பல்கலைக்கழகம் இருக்கிறது. கடல் ஆராய்ச்சியிலும் இதே மார்ச் 31 பிரச்சினைதான். ஏப்ரல் நடுவில் இழுவை வலைப் படகுகளுக்குத் தடைக்காலம் ஆரம்பிக்கும், படகில் போய் மாதிரி எடுக்கிற திட்டத்துக்கு அந்த நேரம் பார்த்துப் பணம் வரும்.

விண்ணப்பிக்க நினைப்பவர்கள் சாதிச் சான்றிதழை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், மத்திய அரசு வேலைக்கு இதர பிற்பட்ட வகுப்பினர் சான்று தனி வடிவத்தில் கேட்பார்கள், கடைசி நாளில் தாலுகா ஆபீஸுக்கு ஓடாதீர்கள். ராமநாதபுரத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது, கடலோர உவர் ஆராய்ச்சி மையமும் இருக்கிறது. ஒரு நாள் நேரில் போய்ப் பாருங்கள். திடலைப் பார்த்துவிட்டு, கணக்குப் பிரிவுக்கும் ஒரு எட்டுப் போய் வாருங்கள். வணக்கம்.