அம்மியும் நகரும்: புனித தேவசகாயம் நினைவு நாள் உரை

மரியாதைக்குரிய மறைவட்ட முதன்மைப் பணியாளர் தந்தை அவர்களே, என்னை இந்த மேடைக்கு அழைத்த பங்குத்தந்தை அவர்களே, பொங்கல் நாளிலும் நேரம் ஒதுக்கி வந்திருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களே, முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் அம்மன் கோவில் நிர்வாகக் குழுப் பெரியவர்களே, அருள்சகோதரிகளே, அன்பியப் பொறுப்பாளர்களே, சாயங்காலமே பாய் விரித்து இடம்பிடித்திருக்கும் தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம். எனக்கு அகரம் எழுதக் கற்றுக்கொடுத்த டீச்சர் இங்கே இருக்கிறார்கள். டீச்சர், உங்களுக்குத் தனியாக ஒரு வணக்கம்.

துன்பம் ஏன் வருகிறது, துன்பத்தில் விசுவாசம் எப்படி வளர்கிறது, துன்புறுத்துகிறவரை எப்படி மன்னிப்பது என்று மூன்று காரியங்களைப் பேசச் சொன்னார் பங்குத்தந்தை.

நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்டன், மார்த்தாண்டவர்மாவின் அரண்மனையில் உத்தியோகம் பார்த்தவர். வீட்டில் மாடுகள் செத்தன, பயிர் அழிந்தது, மனம் ஒடிந்து நின்றார். 1741 குளச்சல் போரில் பிடிபட்டு, பின்னர் அதே மன்னரின் படையில் சேர்ந்த டச்சுப் படைத்தலைவர் டிலனாய் அவருக்கு பைபிளில் வரும் யோபுவின் கதையைச் சொன்னார். எல்லாம் போன பிறகும் கடவுளை விடாமல் அவரோடு வழக்காடிய மனிதரை நீலகண்டன் அங்கேதான் சந்தித்தார். 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். சாதி பாராமல் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டார். 1749இல் கைது. எருமை மேல் பின்பக்கம் பார்க்க உட்காரவைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். 1752 ஜனவரி 14, ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். அப்போது வயது 39.

அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். மனித மனமும் அம்மிதான். மூன்று வருடம் அடி வாங்கி வாங்கி அவர் கடவுள் பக்கம் நகர்ந்தார். புலியூர்க்குறிச்சியில் தாகத்துக்கு முழங்கையால் இடித்த பாறையில் தண்ணீர் ஊறியது என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். முட்டிடிச்சான் பாறைக்குப் போகாதவர்கள் இங்கே யார்?

இப்போது நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். எனக்குப் பதினோரு வயது. எங்கள் கோயிலில் மணியடிக்கும் தாத்தா ஒருவர் இருந்தார். நாற்பது வருடம் அடித்தவர். சாவு விழுந்தால் எந்த வீடு என்று கேட்கமாட்டார். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடிப்போய்க் கயிற்றைப் பிடிப்பார். அந்தக் கயிறு உரசி உரசி உள்ளங்கையில் கன்றிப்போன ஒரு கோடு இருக்கும். எங்களைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுவார். ஐப்பசி மழையில் ஒருநாள் அவர் இறந்துபோனார். கோயிலில் சடலத்தைத் தூக்கிப்போகும் தூம்பா இரண்டு உண்டு. நல்ல தூம்பாவைத் தரமாட்டோம் என்றார்கள். கால் உடைந்து சணல் கட்டிய தூம்பாவில் வைத்து, கல்லறைத் தோட்டத்தின் பெரிய வாசலைத் தாண்டி, வயல் வரப்பைச் சுற்றி, சாதிச்சுவருக்கு அந்தப் பக்கம் கொண்டுபோனார்கள். நான் குடை பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். வரப்பு வழுக்கி ஒருவர் விழ, தூம்பா சாய்ந்தது. அவர் வீட்டுப் பாட்டி ஓடிவந்து கையால் தாங்கினார். “ஊருக்கெல்லாம் மணியடிச்ச மனுசனுக்கு இன்னைக்கு மணியடிக்க ஆளில்லையே” என்றார். நான் குடையைப் பாட்டியிடம் கொடுத்துவிட்டுக் கோயிலுக்கு ஓடினேன். அன்றைக்கு அடித்த மணி என்னுடையது. சின்னப் பையன் கை, தாளம் தப்பித்தான் போயிருக்கும்.

அந்தத் தாத்தாவை வேற்று மதத்தார் யாரும் துன்புறுத்தவில்லை. அதே நற்கருணையை நாக்கில் வாங்கிய நாம்தான் செய்தோம். மறைசாட்சிக்கு மாலை போடும் கையே சுவரையும் கட்டினால் என்ன சொல்ல? அவர் திருமுழுக்குப் பெற்ற வடக்கன்குளத்திலேயே கோயிலுக்குள் சாதிச்சுவர் இருந்தது, 1910இல் இடித்தார்கள். பிரிவினை திரும்ப வேண்டும் என்று வழக்குப் போட்டவர்களுக்குச் சென்னை உயர்நீதிமன்றம் இடம் கொடுக்கவில்லை. 2022 மே 15 அன்று வத்திக்கானில் அவரைப் புனிதராக அறிவித்தபோது பெயருக்குப் பின்னால் சாதி இல்லை. ஐயா, அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். ஒன்றரை ஆள் உயரச் சுவர் நகராதா?

மன்னிப்பைப் பற்றி விரிவாகப் பேச நேரமில்லை. தந்தை பொறுத்துக்கொள்ள வேண்டும். நம் கல்லறைத் தோட்டத்துக்கு ஒரே வாசல், எல்லா வீட்டுக்கும் ஒரே தூம்பா என்று ஆயர் அவர்களுக்கு மனு எழுதியிருக்கிறோம். கொடிமரத்துப் பக்கம் மேசை போட்டு இரண்டு தம்பிகள் உட்கார்ந்திருக்கிறார்கள். பொங்கல் சோறு வாங்கப் போகும் வழிதான். கையெழுத்துப் போடத் தெரியாத அம்மாமார்களுக்கு மைப்பெட்டியும் வைத்திருக்கிறோம். முதல் கைரேகை அந்தப் பாட்டியுடையது. போன வாரமே வைத்துவிட்டார்.