பை கொடுத்தோம், பேர் கேட்கவில்லை

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி அண்ணன்மாரே, அறுப்பின் பண்டிகைக்காக இந்த வேப்பேரி ஆலய வளாகத்தில் கூடியிருக்கும் சபையாரே, எல்லாருக்கும் ஸ்தோத்திரம். அழைப்பை ஏற்று வந்திருக்கும் அக்கம்பக்கத்துக் குடும்பங்களுக்கு என் அன்பான வணக்கம்.

'கிறிஸ்தவ ஊழியம் மனிதரிடம் போய்ச் சேர்ந்தது நிறுவனங்களாலா, உறவுகளாலா?' இதுதான் தலைப்பு. உறவுகளால்தான் என்று சொல்ல நிற்கிறேன்.

எனக்கு முன் பேசிய அண்ணன் பள்ளிக்கூடம், கல்லூரி என்று அடுக்கிக்கொண்டே போய், கடைசியில் வேலூர் ஆஸ்பத்திரியைக் கொண்டுவந்து நிறுத்தினார். "கட்டடம் இல்லாமல் அன்பு மட்டும் ஆபரேஷன் செய்யுமா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. அதனால் நானும் வேலூர்க் கதையையே எடுத்துக்கொள்கிறேன்.

1890-களில் திண்டிவனத்தில் ஓர் இரவு. ஐடா ஸ்கடர் அப்போது டாக்டர் இல்லை. உடம்பு சரியில்லாத அம்மாவைப் பார்த்துக்கொள்ள அமெரிக்காவிலிருந்து வந்திருந்த இளம்பெண். அன்று ராத்திரி ஒருவர் பின் ஒருவராக மூன்று பேர் வந்தார்கள். மூன்று வீட்டிலும் மனைவி பிரசவ வலியில் துடிக்கிறாள். "எனக்கு வைத்தியம் தெரியாது, என் அப்பா டாக்டர், அவரைக் கூட்டிப்போங்கள்" என்றார் ஐடா. ஆண் டாக்டர் வேண்டாம் என்று மூவருமே திரும்பிப் போய்விட்டார்கள். மூன்று பெண்களும் இறந்துபோனார்கள்.

அண்ணே, அந்த ராத்திரி திண்டிவனத்தில் எது இல்லை? டாக்டர் இருந்தார். மருந்து இருந்தது. மிஷன் இருந்தது. பிரசவ அறைக்குள் போய் அந்தப் பெண்ணின் கையைப் பிடிக்கக்கூடிய ஒருத்திதான் இல்லை. அந்த ஒருத்தியாகத் தானே ஆக வேண்டும் என்றுதான் ஐடா டாக்டருக்குப் படித்தார். 1900-ல் திரும்பி வந்து, வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு ஆரம்பித்தார். 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கினார். நீங்கள் காட்டிய கட்டடத்துக்கு அஸ்திவாரம் அந்த மூன்று வீட்டு வாசல்கள், அண்ணே.

அதற்கும் முன்னால் போங்கள். 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்குக்குத் தமிழில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகினார். போதிக்க வந்த மனிதர், தப்பாக எழுதி, பிள்ளைகள் திருத்தத் திருத்தக் கற்றுக்கொண்டதை நினைத்துப்பாருங்கள். அவர் மொழிபெயர்த்து 1715-ல் அச்சான தமிழ்ப் புதிய ஏற்பாட்டின் முதல் பக்கம் எனக்கு அந்த மணல்தான். அவருக்குப் பின் வந்த இன்னொரு ஜெர்மன் மிஷனரி ஃபப்ரீசியுஸும் அப்படித்தான். 1742-ல் சென்னைக்கு வந்தவர், 1791-ல் இறந்ததும் இங்கேதான். அவருடைய தமிழ் அகராதி 1779-ல் இதே வேப்பேரியில் அச்சானது. பக்கத்தில் உட்கார்ந்து பேச ஆள் இல்லாமல் யாராலும் அகராதி எழுத முடியாது.

சரி, பெரியவர்கள் கதை போதும். என் கதையைச் சொல்கிறேன். இதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை.

2015 டிசம்பர் வெள்ளம். சைதாப்பேட்டையில் ஆற்றங்கரை ஓரம். வாலிபர் சங்கத்திலிருந்து அரிசி, பருப்பு, பாய், போர்வை எல்லாம் பையில் போட்டு எடுத்துப்போனோம். அரை மணி நேரத்தில் ஒரு தெருவை முடித்தோம். கொடுப்பது, ஃபோட்டோ எடுப்பது, நோட்டில் டிக் அடிப்பது. ஒரு பாட்டி, "பையை ஓரமா வைப்பா, இதைக் கொஞ்சம் பாரு" என்று ஒரு ஃபிரேமை நீட்டினார். இறந்துபோன கணவரின் படம். கண்ணாடிக்குள் சேறு. "அடுத்த தெருவுக்குப் போகணும் பாட்டி" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். அவர் பேரைக்கூட நான் கேட்கவில்லை.

வீடு வீடாகப் போய்ப் பெண்களைச் சந்திக்கும் ஊழியக்காரி, எங்கள் சபையின் பைபிள் உமன் அக்கா மட்டும் நின்றுவிட்டார். நான் திரும்பி வரும்போது, ஒரு பேசினில் தண்ணீர் வைத்து, கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்த படத்தை ஊறவிட்டு, நகத்தால் துளித்துளியாகப் பிரித்துக்கொண்டிருந்தார். பாதி முகம் கண்ணாடியோடு போய்விட்டது. ஒரு கண்ணும் மீசையும் மிஞ்சின. பாட்டி அதைப் பார்த்துத்தான் அழுதார். வெள்ளம் வந்த நாளிலிருந்து அழவே இல்லையாம்.

அப்புறம் வியாழக்கிழமைதோறும் அக்கா அந்த வீட்டுக்குப் போனார். முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுதிக்கொடுத்தார். கண் ஆபரேஷனுக்குத் துணைக்கு இருந்தார். "மதம் மாற்றத்தானே இந்த உறவு?" என்று எதிரணியில் ஒருவர் கேட்டார். இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. தூண்டிலோடு வருகிறவர் மீனுக்கு உறவு இல்லை, ஒத்துக்கொள்கிறேன். அப்படி நடந்த இடங்களில் வெட்கப்பட வேண்டியது நாம்தான். ஆனால் அந்தப் பாட்டி இன்றும் வெள்ளிக்கிழமை அம்மன் படத்துக்கு விளக்கேற்றுகிறார். அக்கா போவதை நிறுத்தவில்லை. போன கிறிஸ்துமஸுக்கு, பாட்டி தன் உதவித்தொகையில் மிச்சம் பிடித்து அக்காவின் மகளுக்கு வளையல் வாங்கி வந்தார். எங்கள் நோட்டில் அதற்கு டிக் அடிக்க இடம் இல்லை.

நடுவர் மணி அடித்துவிட்டார், முடிக்கிறேன். 1895-ல் இந்தியாவுக்கு வந்த மிஷனரி ஏமி கார்மைக்கேல், 1951-ல் சாகும்வரை சொந்த ஊருக்குத் திரும்பவே இல்லை. கோயிலுக்குத் தேவதாசியாகப் பொட்டுக்கட்ட இருந்த பெண்பிள்ளைகளுக்குத் திருநெல்வேலிப் பக்கம் டோனாவூரில் வீடு கொடுத்தவர். தன் கல்லறையில் கல் எதுவும் நாட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதனால் பிள்ளைகள் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டி வைத்தார்கள். இல்லத்தை நிறுவியவர் என்று அதில் பொறிக்க எல்லா நியாயமும் இருந்தது. அவர்கள் பொறித்தது 'அம்மா' என்ற ஒரே வார்த்தை.

நன்றி, வணக்கம்.