தண்ணீர் பட்டால் நனைந்துவிடுமா?

(நூலக வாசகர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

என் கையில் இருப்பது சேம்பிலை. காலையில் கிணற்றடியில் பறித்தேன். இதை இந்த வாளித் தண்ணீரில் முழுசாக அமுக்குகிறேன். முன்வரிசைப் பிள்ளைகள் எழுந்து வந்து பாருங்கள். உள்ளே இலையின் பச்சையே தெரியவில்லை, வெள்ளித் தகடு மாதிரி மினுங்குகிறது. சரி, இப்போது வெளியே எடுக்கிறேன். தொட்டுப் பார் தம்பி. காய்ந்துதானே இருக்கிறது?

அந்த வெள்ளி மினுக்கம் காற்று. இலையின் மேல்தோலில் கண்ணுக்குத் தெரியாத பொடி மேடுகள் இருக்கின்றன, அவற்றின்மேல் மெழுகு. தண்ணீர் மேட்டு உச்சிகளை மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கிறது. பள்ளங்களில் காற்று அடைபட்டுக் கிடக்கிறது. தாமரை இலையிலும் இதேதான். 'தாமரை இலைத் தண்ணீர் போல' என்று நாம் காலங்காலமாகச் சொல்லி வருகிறோம். ஜெர்மனியின் பான் நகரத் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லாட் அந்த மேடுகளை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்து, துளி உருண்டோடும்போது தூசியையும் அள்ளிக்கொண்டு போவதை 1997-ல் சக ஆய்வாளரோடு சேர்ந்து விளக்கி எழுதினார். சேற்றுக் குளத்திலும் தாமரை இலை பளிச்சென்று இருக்கிறதே, அதற்குக் காரணம் இதுதான்.

அப்படியானால் நனைவது என்றால் என்ன? தண்ணீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொள்கின்றன. எதிரே இருக்கும் பொருளும் அவற்றைத் தன் பக்கம் இழுக்கிறது. பொருளின் இழுப்பு வலுவாக இருந்தால் தண்ணீர் பரவும், நாம் நனைந்தது என்கிறோம். தண்ணீரின் பிடி வலுவாக இருந்தால் முத்தாகத் திரண்டு நிற்கும். துடைத்த கண்ணாடியிலும் மெழுகுவர்த்தியிலும் ஒவ்வொரு சொட்டு விட்டுப் பாருங்கள், விளங்கிவிடும்.

புதுத் துண்டு வாங்கிக் குளித்துவிட்டுத் துவட்டியிருப்பீர்கள். ஈரத்தை உறிஞ்சாமல் உடம்பெல்லாம் தடவிவிடும். நானும் மட்டமான துணி என்று ஒதுக்கி வைத்தவன்தான். பாவம், துண்டின்மேல் குற்றமில்லை. பருத்தி தண்ணீரை நன்றாகவே இழுக்கும். ஆனால் பருத்தி இழையின்மேல் பிறவியிலேயே மெல்லிய மெழுகு இருக்கிறது. அதனால்தான் சாயம் ஏற்றுவதற்கு முன் நூலைக் காஸ்டிக் சோடாவில் வேகவைக்கிறார்கள். மிச்சமிருக்கும் மெழுகும், கடைசியில் மிருதுவாக்கப் பூசும் பொருளும் தண்ணீரைத் தள்ளி நிறுத்துகின்றன. நாலு தடவை வெந்நீரில் துவைத்தால் அதே துண்டு ஈரத்தைக் குடிக்க ஆரம்பிக்கும்.

சோப்பு செய்யும் வேலை இன்னும் அழகு. அதன் மூலக்கூறில் ஒரு முனை தண்ணீரைப் பிடிக்கும், மறுமுனை எண்ணெயைப் பிடிக்கும். அது மேற்பரப்பில் போய் வரிசையாக நின்றதும் தண்ணீரின் இறுக்கம் பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. அப்புறம் அந்தத் தண்ணீர் முன்பு நுழைய முடியாத இழைகளுக்குள் நுழைகிறது. சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் இருக்கும் சப்போனின் என்ற நுரைக்கும் பொருளுக்கும் இதே குணம்தான்.

இந்த மேற்பரப்பு இறுக்கத்தை அளக்கும் வழியைக் கண்டவர்களில் ஒரு பெண்ணைப் பற்றி அவசியம் சொல்ல வேண்டும். ஆக்னஸ் பாக்கெல்ஸ், 1862-ல் பிறந்தவர். ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் வாழ்ந்தார். அங்கே அப்போது பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு திறக்கவில்லை. நோயாளிப் பெற்றோரைப் பார்த்துக்கொண்டு வீட்டு வேலை செய்தார். இருபது வயதை ஒட்டிய அந்தப் பருவத்தில், சமையலறையில், ஒரு தகரத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, குறுக்கே தகரப் பட்டை ஒன்றை வைத்து நகர்த்தினார். மேற்பரப்பு சுருங்கும்போதும் விரியும்போதும், அதில் கலந்த அழுக்கும் எண்ணெயும் இழுப்பை எப்படி மாற்றுகின்றன என்று ஒரு சிறு வில்லையைத் தராசில் தொங்கவிட்டு அளந்தார். பத்து வருடம் அதை வெளியிட வழியில்லை. 1891-ல் இங்கிலாந்தின் இயற்பியலாளர் ராலே பிரபுவுக்குக் கடிதம் எழுதினார். ராலே அதை மொழிபெயர்க்கச் செய்து நேச்சர் என்ற அறிவியல் இதழுக்கு அனுப்பினார், அதே ஆண்டு வெளிவந்தது. பிற்காலத்தில் அமெரிக்க வேதியியலாளர் இர்விங் லாங்மியூர் அதே வகைத் தொட்டியைத் திருத்தி ஆராய்ந்தார். மேற்பரப்பு வேதியியலுக்காக அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது 1932-ல். அதே ஆண்டில் ஆக்னஸுக்கும் ஒரு கௌரவ டாக்டர் பட்டம் வந்தது. அப்போது அவருக்கு எழுபது வயது.

அந்த மேசையில் விளிம்பு வரை நிரப்பிய டம்ளர்கள் இருக்கின்றன, பக்கத்தில் குண்டூசி டப்பா. ஊசிகளை ஒவ்வொன்றாக மெதுவாகப் போடுங்கள். தண்ணீர் வழியாமல் விளிம்புக்கு மேலே உப்பி நிற்கும். எத்தனை ஊசி என்று எண்ணி வையுங்கள், அப்புறம் ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் விடுங்கள். சின்னப் பிள்ளைகள் முதலில் வாருங்கள்.