கோயில் முழுசும் படத்துல வரணுமா?

வணக்கம் நேயர்களே. போட்டோ பத்திப் பேசக் கூப்பிட்டிருக்காங்க, ரேடியோல படத்தக் காட்ட முடியாது, அதனால நமக்கெல்லாம் தெரிஞ்ச ஒரு இடத்த மனசுல கொண்டு வாங்க, தஞ்சாவூர் பெரிய கோயில்.

போன மாசம் அண்ணன் பொண்ணு அங்க போயிட்டு வந்து போனை நீட்டுனா, நூறு படத்துக்கு மேல இருக்கும். "சித்தப்பா, நேர்ல பாத்தப்ப அப்படியே அசந்து நின்னுட்டேன், படத்துல ஏன் இவ்வளவு சின்னதா இருக்கு?"ன்னு கேட்டா. பாத்தா எல்லாப் படத்துலயும் ஒரே ஆசைதான், நந்தி மண்டபத்துலேர்ந்து கலசம் வரைக்கும் ஒண்ணு விடாம வரணும். விமானம், அதாவது கருவறை மேல எழும்புற பெரிய கோபுரம், 216 அடின்னு சொல்வாங்க, அதுக்குப் பக்கத்துல நின்னு போனை அண்ணாந்து புடிச்சா பக்கவாட்டுக் கோடுங்க மேல போகப் போக ஒண்ணோட ஒண்ணு நெருங்கி கோபுரமே பின்னாடி சாயுற மாதிரி ஆயிடும். சரி போன்ல அகலமாக் காட்டுற 0.5-ல வைப்போம்னா இன்னும் மோசம், காலடியில இருக்குற தரை பெருசாயிடும், விமானம் எங்கயோ தூரத்துல போயிடும்.

பெருசாக் காட்டணும்னா பின்னால போங்க, இது கேக்கறதுக்குத் தலைகீழா இருக்கும் ஆனா உண்மை. வெளிய கேரளாந்தகன் வாசல்னு ஒரு கோபுர வாசல் இருக்கு, அதுக்கும் முன்னாடி வந்து நில்லுங்க, அந்த வாசல், அதுக்குப் பின்னாடி ராஜராஜன் வாசல், அதுக்கும் பின்னாடி விமானம், மூணும் ஒரே நேர்கோட்டுல இருக்கு. போனைச் சாய்க்காம நேரா புடிச்சு 2 மடங்கு ஜூம் பண்ணுங்க, அப்ப பின்னாடி இருக்குற விமானம் முன்னாடி இருக்குற கோபுரங்க மேல எழுந்து நிக்கும்.

இல்லையா, பிராகாரத்தச் சுத்தி இருக்குற திருச்சுற்று மாளிகைக்குள்ள போயிடுங்க. ரெண்டு தூணுக்கு நடுவுல விமானத்த வச்சு, ஸ்க்ரீன்ல விமானத்து மேல விரல வச்சீங்கன்னா வெளிச்சம் அதுக்குத் தகுந்த மாதிரி மாறி தூண் ரெண்டும் இருட்டாயிடும், கதவத் திறந்து பாக்குற மாதிரி இருக்கும். கோயில் கிழக்குப் பாத்தது, காலையிலன்னா முன்பக்கம் நில்லுங்க, சாயந்தரம்னா தென்மேற்கு மூலை.

குடும்பப் படம் எடுக்கறப்ப எல்லாரையும் கோபுரத்துக்கு நேர் முன்னாடி நிக்க வைக்காதீங்க, தலையில கோபுரம் முளைச்ச மாதிரி வரும். அவங்கள ஒரு ஓரமா கேமரா பக்கத்துல கூப்பிட்டுக்குங்க.

1858-ல லின்னேயஸ் ட்ரைப்னு மெட்ராஸ் அரசாங்கத்தோட போட்டோகிராபர் இங்க வந்தாரு, பெரிய கேமரா, காகித நெகட்டிவ். விமானத்து அடியில சுத்திலும் ஓடுற கல்வெட்டு ஒரு படத்துல அடங்கல, அதத் துண்டு துண்டா எடுத்து 21 படத்த ஒட்டி நீளமா ஒரு சுருளே பண்ணிட்டாரு. நான் குடுத்தது, அக்கன், அதாவது அக்கா குந்தவை, குடுத்தது, மத்தவங்க குடுத்தது எல்லாத்தையும் ஸ்ரீவிமானத்துலயே கல்லுல வெட்டுங்கன்னு ராஜராஜன் சொன்னதா எழுதியிருக்கே, அந்த எழுத்தெல்லாம் இருக்குற இடம் அது. கோபுரத்த விட்டுட்டு எழுத்துக்கிட்ட போன அந்த மனுஷன் மேல எனக்குப் பெரிய மரியாதை.

அண்ணன் பொண்ணு போன்லயும் அப்படி ஒண்ணு இருந்துச்சு. அண்ணி களைச்சுப் போயி கீழ உக்காந்திருக்காங்க, பின்னாடி மூணு வரி கல்வெட்டு, அதுமேல சாய்வா சாயந்தர வெயில், வெறும் கால் ரெண்டும் நீட்டியிருக்கு. கோபுரமே இல்லாம எப்படிப் பெரிய கோயில் ஆகும்னு அத அழிக்கப் போனா. வேணாம்டா கண்ணுன்னு தடுத்தேன். அந்த நூறுல அது ஒண்ணத்தான் பிரிண்ட் போட்டோம், அண்ணன் வீட்டு முன்ரூம்ல மாட்டியிருக்கு.

நன்றி, வணக்கம்.